புது ஃபிளாக்ஷிப் போன்: கையில் பிடித்துப் பார்த்த பிறகு எதை வைத்து முடிவு செய்தீர்கள்?

வணக்கம் நண்பர்களே. என் பழைய போனுக்கு அப்டேட் வருவது நின்றுபோனதால் புதிதாக ஒன்று வாங்க வேண்டி வந்தது. நான் ஒரு போனை வாங்கினால் ஐந்தாறு வருடம் விடமாட்டேன். அதனால் ஃபிளாக்ஷிப் வரிசையில்தான், அதாவது ஒவ்வொரு நிறுவனத்தின் உயர்நிலை போன்களில்தான் தேடினேன். அப்போது பார்த்ததை எழுதுகிறேன், நீங்களும் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

சிப், கேமரா, சார்ஜ் வேகம் என்று எல்லாரும் பேசுகிறார்கள். நான் முதலில் பார்த்தது எடை. ஏனென்றால் கேமராவை எப்போதாவதுதான் திறக்கிறோம். போனைக் கையில் பிடிக்காத நாள் கிடையாது. சாம்சங் எஸ்25 அல்ட்ரா 218 கிராம், சாதாரண எஸ்25 162 கிராம். தாளில் பார்த்தால் 56 கிராம் ஒரு பொருட்டாகத் தெரியாது. படுத்துக்கொண்டு அரை மணி நேரம் படித்துப் பாருங்கள், மணிக்கட்டு சொல்லிவிடும்.

கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் போனின் முதுகில் அலாரம் வயர் ஒட்டியிருக்கும். அது கீழே இழுத்துக்கொண்டே இருப்பதால் உண்மையான எடை தெரியாது. விற்பனையாளரிடம் கேட்டேன், வயரைக் கழற்றிக் கொடுத்தார். ஒரே கையில் பிடித்து, கட்டைவிரல் எதிர்ப்பக்க மேல் மூலைக்கு எட்டுகிறதா என்று பார்த்தேன். எட்டாத போனில் விரல் மேலே போகும்போதெல்லாம் போன் உள்ளங்கையில் சரிகிறது, சுண்டுவிரலைக் கீழே முட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சுண்டுவிரலில் கீழ் விளிம்பு எப்படி அழுத்துகிறது என்று கவனியுங்கள். எஸ்24 அல்ட்ராவின் மூலைகள் கூராக இருந்தன, எஸ்25 அல்ட்ராவில் கொஞ்சம் உருட்டியிருக்கிறார்கள். என்னைக் கேட்டால் டிசைன் என்பது முதலில் இதுதான். நிறமும் பளபளப்பும் அப்புறம்.

உலோகத்தின் பெயருக்கும் அதிக மதிப்பு கொடுக்க வேண்டாம். 2023இல் ஐபோன் 15 ப்ரோவுக்கு டைட்டானியம் சட்டம் (போனைச் சுற்றியிருக்கும் உலோக விளிம்பு) வந்தது. அதற்கு முந்தைய 14 ப்ரோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 206 கிராம். 15 ப்ரோ 187 கிராம். குறைந்த எடையில் பெரும்பகுதி விளிம்பில் குறைந்ததால், எண்ணைவிட அதிகமாகவே கைக்குத் தெரிந்தது. அங்கே டைட்டானியத்துக்கு வேலை இருந்தது. ஆனால் 2025இல் 17 ப்ரோவுக்கு அதே ஆப்பிள் அலுமினியத்துக்குத் திரும்பிவிட்டது. காரணம் சூடு. டைட்டானியத்தைவிட அலுமினியம் வெப்பத்தைப் பல மடங்கு நன்றாகக் கடத்தும், உள்ளே இருக்கும் சிப்பின் சூட்டைச் சட்டம் முழுக்கப் பரப்பிவிடும். எனவே ‘டைட்டானியம்’ என்று எழுதியிருப்பதற்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

மெல்லிய போன்களையும் பார்த்தேன். எஸ்25 எட்ஜ் 5.8 மில்லிமீட்டர்தான், பிடிக்க அவ்வளவு நன்றாக இருக்கிறது. ஆனால் பேட்டரியின் கொள்ளளவு 3900 எம்ஏஎச்தான், பின்னால் ஜூம் லென்ஸும் இல்லை. ஐபோன் ஏர் இன்னும் மெலிசு, 5.6. அதில் பின்பக்கம் ஒரே கேமரா. அழகுக்கு எதைக் கொடுக்கிறோம் என்பது தெளிவாகத் தெரிகிற போன்கள் இவை. தெரிந்தே வாங்குகிறவருக்கு நல்ல போன்கள்தான். பேட்டரியே முக்கியம் என்றால் சிலிக்கான்-கார்பன் பேட்டரி உள்ள போன்களைப் பாருங்கள். ஒன்பிளஸ் 12இல் 5400 எம்ஏஎச் இருந்தது. அடுத்து வந்த 13இல் 6000 ஆக்கினார்கள், போனின் தடிமனோ குறைந்தது. சிலிக்கான் அதே இடத்தில் அதிக லித்தியத்தைப் பிடித்துவைக்கும் என்பது தெரிந்தால் போதும்.

எல்லாம் பார்த்து நான் எடுத்தது சாதாரண எஸ்25. நீங்கள் எப்படி முடிவு செய்தீர்கள்?

*

அண்ணா, எடை பற்றி நீங்கள் சொன்னது சரிதான். ஆனாலும் நான் 218 கிராம் எஸ்25 அல்ட்ராவையே எடுத்தேன், ஜூமுக்காக. இரண்டு பெண்களும் மேடையில் ஆடுகிறவர்கள். பெற்றோருக்கு எப்போதும் பின்வரிசைதான் கிடைக்கும். கேமரா எனக்கு எப்போதாவது திறக்கிற விஷயம் இல்லை.

வாங்கும் முன் என்னைக் குழப்பியது ஒரு எண். எஸ்23 அல்ட்ராவில் 10 மடங்கு ஆப்டிகல் ஜூம் (லென்ஸாலேயே பெரிதாக்குவது) இருந்தது. எஸ்24 அல்ட்ராவிலிருந்து 5 மடங்கு லென்ஸ்தான். பாதியாகக் குறைத்துவிட்டு விலையை மட்டும் குறைக்கவில்லையே என்று வீட்டில் பேசிக்கொண்டோம். தங்கையிடம் எஸ்23 அல்ட்ரா இருக்கிறது. ஒரு நிகழ்ச்சியில் அவள் ஒரு பக்கம், நான் என் எஸ்25 அல்ட்ராவோடு ஒரு பக்கம் உட்கார்ந்து ஒரே நடனத்தை எடுத்தோம். வெளிச்சம் நன்றாக இருந்தவரை அவளுடைய படம் ஒரு படி கூர்மையாகவே இருந்தது. விளக்கு மங்கலானதும் நிலைமை மாறிவிட்டது. அவள் படத்தில் பெண்ணின் சரிகைக் கரை ஒரே மஞ்சள் பூச்சாகிவிட்டது, கை விரல்கள் அசைவில் கலங்கிப்போயின. என்னுடையதில் கரையின் கோடுகள் தனித்தனியாகத் தெரிந்தன.

பிறகு படித்துப் புரிந்துகொண்டேன். பழைய 10 மடங்கு லென்ஸின் துளை எஃப் 4.9, புதியது எஃப் 3.4. இந்த எண் குறையக் குறைய வெளிச்சம் அதிகம் உள்ளே வரும். அதே அளவு இடத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு வெளிச்சம் விழும். பழையது 10 மெகாபிக்சல், இது 50 மெகாபிக்சல், நடுப்பகுதியை வெட்டி எடுத்தாலும் விவரம் மிஞ்சுகிறது. எனவே ‘எத்தனை மடங்கு’ என்ற எண்ணோடு துளையின் எண்ணையும் கேளுங்கள். மெகாபிக்சலும் அப்படித்தான். பிரதான கேமராவுக்கு 200 என்று எழுதியிருக்கும், நாம் எதையும் மாற்றாமல் எடுத்தால் 16 புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படமாகத்தான் தரும். அது நல்லதற்குத்தான், இருட்டில் படம் சுத்தமாக வரும்.

வாங்கும் முன் கடையின் பிரகாசமான விளக்கில் மட்டும் படம் எடுத்துப் பார்த்தால் போதாது. மேசைக்கு அடியிலோ படிக்கட்டு ஓரத்திலோ, நகர்ந்துகொண்டிருக்கும் ஒருவரை எடுத்துப் பாருங்கள்.

*

என் பிரச்சினை கண். டிஸ்ப்ளே பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன்.

ஓஎல்இடி (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும்) திரைகளில் பலவும் வெளிச்சத்தைக் குறைக்க, திரையை மிக வேகமாக அணைத்து அணைத்து எரியவிடும். பெரும்பாலானவர்களுக்கு எதுவும் தெரியாது. என்னைப் போன்ற சிலருக்கு இரவில் வெளிச்சத்தைக் குறைத்துப் படித்தால் கண் வலியும் தலைவலியும் வரும். சில போன்களில் இந்தத் துடிப்பு நொடிக்குச் சில நூறு முறைதான். ஒன்பிளஸ் 13இல் 2160 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 2160 முறை), ஹானர் மேஜிக்6 ப்ரோவில் 4320 ஹெர்ட்ஸ் வரை போகிறது. துடிப்பு எவ்வளவு வேகமோ, பொதுவாகக் கண்ணுக்கு அவ்வளவு இதம்.

நான் கடையில் செய்தது இதுதான். புது போனின் வெளிச்சத்தை அடியோடு குறைத்தேன். என் போனின் கேமராவை ப்ரோ மோடில் (எல்லாவற்றையும் நாமே மாற்றும் முறை) வைத்து, ஷட்டர் வேகத்தை இரண்டாயிரத்தில் ஒரு நொடிக்குக் கொண்டுபோய் அந்தத் திரையைப் பார்த்தேன். துடிப்பு மெதுவாக இருக்கும் திரையில் தடிமனான கறுப்புப் பட்டைகள் ஓடும். வேகமான திரையில் மெல்லிய கோடுகள் நெருக்கமாகத் தெரியும். எனக்குப் பிடித்த இரண்டு போன்களை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். டிசைன் எவ்வளவு அழகாக இருந்தாலும் பார்க்கவே முடியாத திரையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

*

தம்பி, நல்ல விஷயத்தை ஆரம்பித்தீர்கள். விலையை யாரும் தொடவில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

எஸ்25 அல்ட்ரா வந்து, முந்தைய எஸ்24 அல்ட்ராவின் விலை இறங்கிய பிறகு நான் பழையதை வாங்கினேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டிலும் டைட்டானியம் சட்டம், 5000 எம்ஏஎச், அதே 45 வாட் சார்ஜ். புதியதில் சிப் வேகம் கூடியிருக்கிறது, அகலக் கோண கேமரா 12 மெகாபிக்சலிலிருந்து 50 ஆகியிருக்கிறது. சரி, முன்னேற்றம்தான். ஆனால் புதியதில், போனோடு வரும் எஸ் பென் என்ற பேனாவிலிருந்து புளூடூத்தை எடுத்துவிட்டார்கள். குடும்பத்தோடு படம் எடுக்கும்போது நான் போனை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு, பேனாவின் பொத்தானை அழுத்திப் படம் எடுப்பேன். என் வீட்டில் யாரும் படத்தில் விடுபடுவதில்லை. எனக்கு வேண்டிய அந்த வசதி பழைய போனில்தான் இருந்தது.

ஆனால் பழைய மாடல் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். சாம்சங் தருவதாகச் சொல்லும் ஏழு வருட அப்டேட் என்பது நாம் வாங்கிய நாளிலிருந்து அல்ல, போன் வெளியான காலத்திலிருந்து எண்ணப்படுவது. எஸ்24 வரிசை 2024 ஜனவரியில் அறிமுகமானது, எனவே 2031 வரை. தாமதமாக வாங்கினால் அந்த அளவுக்கு வருடம் குறையும். நான் விலையை மீதி இருக்கும் வருடங்களால் வகுத்தேன், நடுவில் ஒரு முறை பேட்டரி மாற்றும் செலவையும் சேர்த்துக்கொண்டேன். அப்போதும் பழையதுதான் லாபம். விலை இறக்கம் சொற்பமாக இருந்திருந்தால் புதியதையே எடுத்திருப்பேன்.

ஸ்டோரேஜிலும் கை இறுக்க வேண்டாம். 2021இல் வந்த எஸ்21 முதல் சாம்சங் எஸ் வரிசையில் மெமரி கார்டு போடும் இடமே கிடையாது. ஐபோனில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. பல வருடம் வைத்திருக்கப் போகிறவர் 128 ஜிபியில் நின்றுவிட்டால் நடுவழியில் திண்டாட்டம்தான்.

அப்புறம் ஒரு கேள்வி. மூலை, விளிம்பு, சுண்டுவிரல் என்று இவ்வளவு பார்த்தீர்கள். கவர் போட்ட பிறகு அதெல்லாம் என்ன ஆகிறது?

*

ஐயா, சரியான கேள்வி. கவரும் டெம்பர்ட் கிளாஸும் போட்டுத்தான் நானும் பயன்படுத்துகிறேன், கண்ணாடி முதுகை வெறுமையாக விட மனம் வரவில்லை. அதனால்தான் எடையை முதலில் வைத்தேன். கவர் விளிம்பை மறைத்துவிடும், எடையைக் கூட்டத்தான் செய்யும். சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன், மெல்லிய கவரோடு 190 கிராமுக்குள் நிற்கிறது. அல்ட்ராவை எடுத்திருந்தால் கவரோடு 250ஐத் தொட்டிருக்கும். அகலமும் கூடும், கட்டைவிரல் எட்டும் தூரம் இன்னும் குறையும். கடையில் உங்கள் போனுக்கான கவரை மாட்டிக் காட்டச் சொல்லிப் பிடித்துப் பாருங்கள்.

எஸ்25இன் பேட்டரி ஒரு நாள் முழுக்க வருமா என்று எனக்குத் தனியாக எழுதிக் கேட்ட தோழிக்கு: எஸ்25இல் 4000 எம்ஏஎச். வீட்டிலும் அலுவலகத்திலும் இருக்கும் நாளில் இரவு வரை வருகிறது. வெயிலில் அலைந்து மேப் போட்டுக்கொண்டே இருந்தால் மாலையில் ஒரு முறை சார்ஜ் போட வேண்டும். எடைக்காக அதை ஏற்றுக்கொண்டேன். உங்களைப் போல அடிக்கடி பயணம் செய்கிறவர்கள் எஸ்25 பிளஸைக் கையில் எடுத்துப் பார்க்கலாம், 190 கிராமில் 4900 எம்ஏஎச் இருக்கிறது.