கயிறு இழுக்கும் சின்ன மலைகள்: பார்த்ததைச் சொல்லுங்கள்

பனிப்பூனை
அமெரிக்காவின் மினசோட்டாவில் பக் ஹில் என்ற பனிச்சறுக்கு மலை. மொத்த உயரமே 310 அடிதான். ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் ரேஸ் பிள்ளைகள் மோட்டாரில் மேல்நோக்கி ஓடும் கயிற்றைப் பிடித்து ஸ்கீயில் நின்றபடியே ஏறுகிறார்கள், கம்பங்களுக்கு நடுவே வளைந்து இறங்குகிறார்கள், அதே ஓட்டத்தில் மறுபடியும் கயிறு. லிஃப்டுக்குக் காத்திருக்கிற பேச்சே இல்லை. ஒலிம்பிக் பனிச்சறுக்கு வீராங்கனை லிண்ட்சி வான் சின்ன வயதில் பழகிய மலை இது. ஒரு மணி நேரத்தில் அங்கே போடுகிற வளைவுகளைப் பெரிய ரிசார்ட்டில் அரை நாளில்கூடப் போட முடியாது.

வடக்குச்சரிவு
பக்கத்திலேயே இன்னொன்றும் நடக்குமே! புதிதாக வந்த ஒருவர் ஓடுகிற கயிற்றை ஒரே பிடியாக இறுக்கினார். தோள் முன்னால் போனது, ஸ்கீ அங்கேயே நின்றது, ஆள் குப்புற. பின்னால் வந்த மூன்று பேர் அவர் மேல். சின்ன மலை, சுலபம் என்று கூட்டி வருகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

ஈரக்கையுறை
சொல்லிவிடுகிறேன். ஸ்கீ இரண்டும் தடத்தில் நேராக, தோள் அகலத்துக்கு. முட்டி லேசாக மடங்கியிருக்கட்டும். கயிறு முதலில் உள்ளங்கையில் வழுக்கி ஓடட்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள், உடம்பு தானே நகரும். நகர்ந்த பிறகு ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பிடித்தால் பாரம் பிரியும். ஓடும்போது கயிறு முறுக்கிச் சுழலும். தொங்கும் மஃப்ளர், ஜாக்கெட் நாடா, விரித்த முடி எல்லாவற்றையும் உள்ளே செருகுங்கள், இதில் விளையாட்டு வேண்டாம். விழுந்தால் உடனே கயிற்றை விட்டுத் தடத்தைவிட்டு உருளுங்கள். உச்சியில் குறுக்கே உள்ள கம்பியில் ஆள் பட்டால் மோட்டார் நின்றுவிடும். அதை நம்பி இறங்குமிடம் தாண்டிப் போகாதீர்கள்.

மேப்பிள்
@பனிப்பூனை, பக் ஹில் மட்டும்தானா? வெர்மான்ட் மாநிலத்தில் காக்ரன் குடும்பத்தின் காக்ரன்ஸ் மலை 1961-இல் வீட்டுக்குப் பின்னால் ஒரு கயிற்றோடு தொடங்கியது. அந்த வீட்டுப் பெண் பார்பரா ஆன் 1972 சப்போரோ ஒலிம்பிக்கில் ஸ்லாலம் (கம்பங்களுக்கு நடுவே வளைந்து இறங்கும் பந்தயம்) தங்கம். அக்குடும்பத்துப் பேரன் 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் சூப்பர்-ஜி என்ற வேகப் பந்தயத்தில் வெள்ளி. மலை 1998 முதல் லாப நோக்கமில்லாத அமைப்பாக நடக்கிறது. பெரிய ரிசார்ட்டில் அன்றைக்கே கவுண்டரில் வாங்கினால் ஒரு நாள் டிக்கெட் 300 டாலரைத் தாண்டும். அதைக் கொடுத்துப் பிள்ளைக்கு பிரேக் பிடிக்கக் கற்றுக்கொடுப்பதா?

வடக்குச்சரிவு
@ஈரக்கையுறை, முக்கியமானது விட்டுப்போச்சு. விலை உயர்ந்த ஸ்கீ கையுறையோடு கயிற்றைத் தொடாதீர்கள், உள்ளங்கை கிழிந்துவிடும். வேலைக்குப் போடும் தடித்த தோல் கையுறை போதும். ஈரமானால் வழுக்கும், ஆகவே மாற்று ஜோடி ஒன்று பையில் இருக்கட்டும்.