புதுப்பிப்பு: எடிட்டரில் (உரை தட்டும் செயலியில்) தமிழ் எழுத்து சில இடங்களில் மட்டும் உடைவது – தீர்ந்தது

முன்பு கேட்டது இதுதான்: யாங்கோன் கோயில் திருவிழா அறிவிப்பைத் தமிழும் பர்மியமுமாக ஒரே கோப்பில் தட்டும்போது, சில சொற்கள் மட்டும் உடைந்து புள்ளிவட்டம் (தனித்து நிற்கும் குறிக்குப் பக்கத்தில் வரும் ◌) தெரிந்தது. பதில் தந்த எல்லாருக்கும் நன்றி.

எழுத்துருவை மாற்றியதிலும் வன்பொருள் முடுக்கத்தை (திரையில் வரையும் வேலையை கிராபிக்ஸ் சில்லுக்கு விடும் அமைப்பை) அணைத்ததிலும் பலனில்லை. 'உடைந்த சொல்லை நகலெடுத்து வேறு செயலியில் ஒட்டிப் பாருங்கள்' என்ற யோசனைதான் வழி காட்டியது. அங்கே சரியாகத் தெரிந்தது. அப்படியானால் கோப்பு நல்லாத்தான் இருக்கிறது, திரையில் வரைவதில்தான் கோளாறு.

காரணம் வண்ணமிடும் விதி, அதாவது எந்தச் சொல்லை எப்படிக் காட்டுவது என்று எடிட்டருக்குச் சொல்லும் விதி. தலைப்புச் சொல்லைத் தடித்த எழுத்தாக்க நாங்களே எழுதிச் சேர்த்தது. யூனிக்கோடில் (எல்லா மொழி எழுத்துக்கும் எண் தரும் பொதுத் தரத்தில்) 'எழுத்து' வகையை மட்டும் அது ஏற்றது. ொ, ி, ு, மெய்ப்புள்ளி எல்லாம் 'குறி' வகை. 'கொடியேற்றம்' என்றால் 'க' மட்டும் தடித்து, ஒகரக்குறி தனித்துண்டாகி நிற்கும். ஒட்டிக்கொள்ள மெய் இல்லாததால் புள்ளிவட்டம். அதே சொல் பத்தி நடுவே வந்தால் உடையாது. விதியில் குறி வகையையும் சேர்த்து எடிட்டரை மூடித் திறந்ததும் சரியானது.

எதிர்பாராதது: பர்மிய வரிகள் இதில் தீரவில்லை. அது வேறு நோய். கணினியில் பர்மியத்துக்கான பழைய ஸாஜி (Zawgyi) எழுத்துரு இருந்தது. யூனிக்கோடு பர்மிய எழுத்துகளுக்குத் தந்த குறியீட்டு எண்களையே அது தன் இஷ்டத்துக்கு வேறு ஒழுங்கில் பயன்படுத்தும். எடிட்டரின் எழுத்துருப் பட்டியலில் நோட்டோ சான்ஸ் தமிழ், அடுத்து நோட்டோ சான்ஸ் மியான்மர் என்று பெயர் சொல்லிக் கொடுத்ததும் நேரானது. ஸாஜியில் தட்டிய பழைய கோப்புக்கு இது உதவாது, முதலில் யூனிக்கோடுக்கு மாற்றியாக வேண்டும்.