லூபஸில் வி.டபிள்யூ.எஃப். 210%: ரத்தக்குழாய் சேதம்னு சொல்லலாமா?

பிரஷர்கஃப் கேட்டது:
34 வயசுப் பெண், லூபஸ் (எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்குற நோய்). ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், பிரெட்னிசலோன் (ஸ்டீராய்டு) 20 மி.கி. ஓடுது. ரத்தம் உறைய உதவுற புரதமான வான் வில்லிபிராண்ட் ஃபேக்டர் (வி.டபிள்யூ.எஃப்.) ஆன்டிஜன் 210%, த்ராம்போமாடுலினும் அதிகம். கிட்னியைக் காட்டுற கிரியேட்டினின் 1.6, அழற்சியைக் காட்டுற சி.ஆர்.பி. 48. ரத்தக்குழாய் உட்சுவர் சேதம்னு எழுதிடலாமா? விகேம்-1 (அழற்சியில உட்சுவர்ச் செல் காட்டுற ஒட்டுப் புரதம்) கூட அனுப்பணுமா?

உள்பூச்சு:
எழுதலாம், ஆனா அந்த வரியை வச்சு மருந்தை மாத்த முடியாது. வி.டபிள்யூ.எஃப். ரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்லுக்குள்ள குட்டிப் பைகள்ல ரெடியா இருக்கு. செல்லைச் சீண்டினாலே வெளியே கொட்டும், செல் சாகணும்னு இல்லை. காய்ச்சல், ஆபரேஷன், கர்ப்பம், ஸ்டீராய்டு, எல்லாத்துலயும் ஏறும்.

த்ராம்போமாடுலின் கதை வேற. செல்லோட மேல்பரப்புல இருந்து வெட்டுப்பட்டு ரத்தத்துல சேருது, அதனால சேதத்துக்கு நெருக்கமான சாட்சி. ஆனா அதைக் கழிக்கிறதுல கிட்னிக்குப் பெரிய பங்கு. கிரியேட்டினின் 1.6 இருக்கும்போது கூடுதலா உண்டாச்சா, வெளியேறாம தேங்கிச்சான்னு பிரிக்க முடியாது.

விகேம்-1 ஆராய்ச்சிக்கு நல்லது. கிட்டுக்குக் கிட்டு எண் மாறும், பொதுவான வெட்டுப்புள்ளி கிடையாது. ஒரே கிட்ல, அதே ஆளோட பழைய மதிப்போட ஒப்பிட்டாதான் அர்த்தம்.

அந்த 48தான் உறுத்துது. லூபஸ் தனியா கிளம்பும்போது சி.ஆர்.பி. பெரும்பாலும் அவ்வளவு ஏறாது. முதல்ல தொற்று, அப்புறம் நுரையீரல் உறை, இதய உறை அழற்சி இருக்கான்னு தேடுங்க.

சிட்ரேட் 3.2:
எண்ணை நம்பும் முன் குழாயைப் பாருங்கள். நீலமூடிக் குழாயில் 0.3 மி.லி. சிட்ரேட்டுக்கு 2.7 மி.லி. ரத்தம். குறைவாக நிரப்பினால் பிளாஸ்மா நீர்த்து, மதிப்பு இறங்கும். கையில் கட்டும் டூர்னிக்கேட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கி வைத்தால் ஏறும். முழு ரத்தத்தை ஐஸில் வைக்கவே கூடாது, வி.டபிள்யூ.எஃப். பொய்யாகக் குறையும். அறை வெப்பத்தில் 4 மணி நேரத்துக்குள் சென்ட்ரிஃபியூஜில் 1500 ஜி-யில் 15 நிமிடம், பிளாஸ்மாவை மாற்றி மறுபடி ஒருமுறை சுற்றுங்கள். உறையவைத்ததை 37 டிகிரி தண்ணீரில் 5 நிமிடம் வைத்து உருக்க வேண்டும். ஃப்ரிட்ஜில் மெதுவாக உருக்கினால் அடியில் வெண்மையாக நூல் நூலாகப் படியுமே, அதோடு வி.டபிள்யூ.எஃப்.பும் போய்விடும்.

ரத்த குரூப் என்ன? ஓ குரூப்பில் இயல்பாகவே கால்வாசி குறைவு.

பிரஷர்கஃப்:
ஓ பாசிட்டிவ். ரத்தத்தை ஐஸ் பெட்டியிலதான் அனுப்பியிருக்காங்க.

சிட்ரேட் 3.2:
அப்படியானால் 210 என்பதே குறைத்துக் காட்டிய எண்ணாக இருக்கலாம்! ஆனால் அது தொற்றாலா, ஸ்டீராய்டாலா, லூபஸாலா என்ற கேள்வி அப்படியேதான் நிற்கிறது. சி.ஆர்.பி. இறங்கியபின் அதே லேபில் மறுபடி எடுங்கள்.

மூன்றாம்வார்டு:
அதுவரை சும்மா உட்கார வேண்டாம். இன்றைக்கே ஸ்பாட் யூரினில் புரோட்டீன்–கிரியேட்டினின் விகிதம். 0.5க்கு மேல் என்றால் கிட்னி பயாப்ஸி பேச்சை எடுக்கணும், 1.6 கிரியேட்டினினுக்கு வேறு காரணம் தெரியவில்லை என்றால் விகிதம் குறைவாக வந்தாலும் எடுக்கணும். கூடவே யூரின் செடிமென்ட் (அடியில் படியும் செல்கள்), லூபஸ் கிளம்பியிருக்கா என்று காட்டும் சி3, சி4, டி.எஸ்.டி.என்.ஏ. ஆன்டிபாடி, பிரஷர்.

பிளேட்லெட், எல்.டி.ஹெச். (செல் உடைந்தால் ஏறும் நொதி), ஸ்மியர் (கண்ணாடியில் தடவிப் பார்க்கும் ரத்தம்) மூன்றும் சேர்த்து. உடைந்த சிவப்பணு தெரிந்து பிளேட்லெட்டும் குறைந்தால் அடாம்ஸ்-13 (வி.டபிள்யூ.எஃப்.பை வெட்டும் நொதி) அனுப்புங்க, 10%க்குக் கீழே என்றால் டி.டி.பி. (சிறு ரத்தக்குழாய்களில் கட்டி அடைக்கும் நோய்). பிளாஸ்மா மாற்றுவதற்கு முன்னாடியே எடுக்கணும், அதுவும் சிட்ரேட் குழாயில். ஈ.டி.டி.ஏ. அந்த நொதியைச் செயலிழக்க வைத்துவிடும்.

ரத்தக்கட்டியைத் தூண்டும் ஆன்டிபாஸ்போலிப்பிட் ஆன்டிபாடி மூன்றும் பாருங்க: லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், கார்டியோலிபின், பீட்டா-2 கிளைகோபுரோட்டீன். பாசிட்டிவ் என்றால் 12 வாரம் கழித்து மறுபடி. முதலாவதை ஹெபரின் போடுவதற்கு முன் எடுத்துடுங்க. சி.ஆர்.பி. இவ்வளவு இருக்கும்போது ஏ.பி.டி.டி. (ரத்தம் உறையும் நேரம்) வழிச் சோதனை பொய்யாகப் பாசிட்டிவ் காட்டலாம், அதனால் டி.ஆர்.வி.வி.டி. (பாம்பு விஷம் வைத்துச் செய்யும் உறைதல் சோதனை) முடிவையும் சேர்த்தே படிங்க.

பிரஷர்கஃப்:
யூரின் இப்பவே அனுப்புறேன். விகேம்-1 வேண்டாம்னு அடிச்சுட்டேன்.