கூடி உக்காந்து செஞ்ச சமையல்: உங்க அனுபவத்தச் சொல்லுங்க

வளவுக்காரி (திருநெல்வேலி டவுண்):

மார்கழி பாதி தாண்டினா எங்க வளவுல சாக்கு தேய்க்குற சத்தம் கேக்க ஆரம்பிச்சிரும். பொங்கலுக்குச் சமைக்குற சிறுகிழங்கு வந்துட்டுன்னு அர்த்தம்.

வெளியூர்க்காரங்களுக்காக ஒரு வார்த்த. டவுண்ல ரத வீதிக்குப் பின்னால முடுக்குக்குள்ள நுழைஞ்சா தெருவப் பாத்து ஒரே ஒரு வாசல் இருக்கும். உள்ள போனா நீளமா ஒரு முற்றம், ரெண்டு பக்கமும் வரிசையா வீடு. அதுதான் வளவு. எங்க வளவுல எட்டு வீடு, பொதுவா ஒரு கிணறு, கிணத்தடியில ஒரு அம்மி.

சிறுகிழங்குத் தொலி மண்ணோட சேந்து ஒட்டிக்கிடக்கும். ஒவ்வொண்ணா கத்தி வச்சு சீவினா பாதிக் கிழங்கு தொலியோட போயிரும். அதனால தண்ணியில ஊறப்போட்டு, மண்ணு இளகினதும் கோணிச் சாக்குல கொட்டி, வாயச் சுருட்டிப் பிடிச்சு, ரெண்டு பேரு ஆளுக்கொரு முனையா கல்தரையில தேய்க்கணும். நடுவுல தூக்கி ரெண்டு அடி. முக்காவாசித் தொலி சாக்குலயே கழண்டிரும். மிச்சத்தக் கத்தி முனையால சுரண்டிச் சுரண்டி தண்ணி ஏனத்துல போடணும், வெளிய கிடந்தா கறுத்துப்போவும். தனியா உக்காந்து ரெண்டு கிலோ சுரண்டுதவளுக்கு அது வேல. எட்டு வீட்டுக் கிழங்கையும் ஒண்ணாக் கொட்டி எல்லாருமா உக்காந்தா அது பேச்சு. அந்தச் சாக்குப் பக்கத்துலதான் எனக்கு இஞ்சிப் பச்சடிப் பக்குவம் கிடைச்சது, எங்க மைனிக்கு நல்ல பல் டாக்டர் கிடைச்சாரு, மூணாம் வீட்டுப் பிள்ளைக்கு மாப்பிள்ளையும் அமைஞ்சுது.

நம்ம ஊருச் சமையல் அழிஞ்சு போச்சுன்னு நெறைய பேரு வருத்தப்படுதாங்க. செய்முறை எங்கயும் போவல. போன எடுத்தா வீடியோ வீடியோவா வருது. குறைஞ்சு போனது கூட உக்கார ஆளு. சிறுகிழங்கு வாங்குதத நிப்பாட்டின வீட்டுல காரணம் கேட்டுப் பாருங்க. பிடிக்கலன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. “யாரு உரிக்க?”ம்பாங்க.

உங்களுக்கு அப்படிக் கூட உக்காந்து செஞ்ச சமையல் ஏதும் உண்டா? அன்னைக்கு என்ன செஞ்சீங்க, யாரு கூட செஞ்சீங்க, எல்லாத்தையும் எழுதுங்க.

கடையத்துக்காரன்:

அக்கா, 2019-ல தென்காசி தனி மாவட்டமாப் பிரிஞ்சாலும் சிறுகிழங்கு எங்க பக்கத்துல இருந்துதான் உங்க டவுணுக்கு வருது. ஆடி வாக்குல கொடிய நட்டா தைப்பொங்கலுக்குத் தோண்டலாம். வாங்கும்போது ஒண்ணு கவனிங்க. கழுவிப் பளபளன்னு வச்சிருக்குறத எடுக்காதீங்க, மண்ணோட இருக்குறதுதான் நாள் தாங்கும். எங்க அம்மா உரிக்க உக்காருமுன்னாடி உள்ளங்கையில தேங்காய் எண்ணெய் தடவிக்குவா. கறை அவ்வளவா ஏறாது.

மச்சிவீடு (சிந்துபூந்துறை):

நான் சொல்லப்போறது 2023 டிசம்பர் வெள்ளம். பதினேழாம் தேதி, ஞாயித்துக்கிழம, மார்கழி ஒண்ணு. விடாத மழ. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர்னு பொறவுதான் தெரிஞ்சுது. பாபநாசம், மணிமுத்தாறு அணத் தண்ணியும் சேந்து வந்ததும் ஆறு எது தெரு எதுன்னு தெரியல. குறுக்குத்துறை முருகன் கோயில் வெள்ளத்துல முங்குறது எங்களுக்குப் பழகின காட்சி. தெருவுக்குள்ள ஆறு வர்றது பழக்கமில்ல.

எங்க வீடு மாடிவீடு. கீழ இருந்தவங்கள்லாம் மேல வந்துட்டாங்க. கரண்டு கிடையாது, போன்ல சார்ஜ் கிடையாது. பிள்ளைங்களுக்குப் பசி. ஆளாளுக்குத் தண்ணி ஏறுறதுக்குள்ள கையில அகப்பட்டதத் தூக்கிட்டு வந்திருந்தாங்க. ஒருத்தர் வீட்டு அரிசி, இன்னொருத்தர் வீட்டுத் துவரம்பருப்பு, ஒரு சீப்பு வாழைக்கா, அரைக் கிலோ கத்திரிக்கா, எதிர்வீட்டு ஆச்சி மடியில கட்டிக்கொண்டாந்த சின்ன உள்ளியும் புளியும். எங்க வீட்டுல பாதி சிலிண்டர் கேஸ் இருந்துது. “கூட்டாஞ்சோறு ஆக்கிருவோம்ளா, ஒரே ஏனம், ஒரே அடுப்பு”ன்னு சொன்னது ஆச்சிதான்.

மிக்ஸி ஓடாது. மொட்டமாடியில பழைய அம்மி ஒண்ணு சும்மா கிடந்துது, தண்ணித்தொட்டி மூடி மேல பாரத்துக்கு வச்சது. நானும் என் கூட வேல பாக்குற சிநேகிதியும் அதத் தூக்கிட்டு வந்து கழுவினோம். ஆச்சி தேங்கா, சீரகம், மிளகா வத்தல், மஞ்சள், உள்ளி எல்லாத்தையும் வச்சு அரைச்சா. அறுபது வயசுக்கு மேல, மழையில நனைஞ்ச சேல, ஆனா அரைப்பு வெண்ண கணக்கா இறங்குது. பருப்பும் அரிசியும் பாதி வெந்ததும் காயப் போட்டு, புளிய ஊத்தி, அரைப்பக் கரைச்சு விட்டா. முருங்கக்கீர இல்லாம கூட்டாஞ்சோறான்னு அவளுக்கு ஒரே மனக்குற. மாடிச் சுவரத் தொட்டுக்கிட்டு நின்ன மரத்துல இருந்து எங்க வீட்டுப் பையன் எட்டி ஒரு கொப்ப ஒடிச்சுக் குடுத்த பொறவுதான் சமாதானம் ஆனா.

கீழ் வீட்டுல பீகார்ப் பையங்க நாலு பேரு வாடகைக்கு இருந்தாங்க, கட்டட வேல. அவங்க கையில இருந்தது உருளைக்கிழங்கு மட்டும். அதையும் நீட்டுனாங்க. கூட்டாஞ்சோத்துல உருளைக்கிழங்கு போடுற வழக்கம் எங்க வீட்டுல கிடையாது. ஆச்சி ஒரு நிமிஷம் பாத்தா. “கொண்டா”ன்னு வாங்கி அவளே நறுக்கிப் போட்டா. அவங்களுக்குத் தமிழ் நாலு வார்த்த, ஆச்சிக்கு இந்தி ஒரு வார்த்த கிடையாது. மாடியில இருந்த ரெண்டு நாளும் அந்தப் பையங்கதான் மழத்தண்ணி பிடிச்சுக் கொடுத்தாங்க, ஏனம் கழுவினாங்க.

வத்தல், வடகம் எல்லாம் நனைஞ்சு போச்சு, பொரிச்சுத் தொட்டுக்க ஒண்ணும் இல்ல. ஆனா அந்தச் சோறு எனக்கு இன்னும் நாக்குல நிக்குது. தண்ணி வடிஞ்ச பொறவு பாதி வீடு சேறு. அதச் சுத்தம் பண்ணுன கத தனிக் கத, இங்க வேண்டாம்.

வளவுக்காரி:

படிக்கப் படிக்கத் தொண்ட அடைக்கி. அந்த ஆச்சி நல்லா இருக்காவளா?

மச்சிவீடு:

நல்லா இருக்கா. இந்தத் தையில கூழ்வத்தல் போடணும்னு இப்பவே எங்கள விரட்டுதா.

சுளவு (மேலப்பாளையம்):

அஸ்ஸலாமு அலைக்கும். எங்க பக்கத்துல கூடி உக்காருறதுன்னாலே பீடி சுத்துறதுதான். மத்தியானம் சோறாக்கி முடிச்சதும் நடைவாசல்ல நாலஞ்சு பேரு வட்டமா உக்காருவோம். மடியில சுளவு, அதான் முறம், அதுல வெட்டின எலையும் தூளும். கை பாட்டுக்குச் சுருட்டும், நூலக் கட்டும், நுனிய மடக்கும். கண்ணு அங்க இருக்கணும்னு அவசியமே இல்ல. அதனால வாய்க்கு முழு விடுதலை. இன்னைக்கு உங்க வீட்டுல என்ன ஆணம், என்ன குழம்புன்னு ஆரம்பிச்சா சாயங்காலம் வரைக்கும் சமையல்தான் ஓடும். நான் கத்துக்கிட்ட சமையல்ல பாதி அங்க காதால கேட்டதுதான்.

எங்க கூட இந்துப் பொண்ணு ஒருத்தி பீடி சுத்துவா, பக்கத்துத் தெரு. சின்னதுல இருந்து சிநேகிதி. அவ கறி மீன் தொடமாட்டா. நோன்பு மாசத்துல பள்ளிவாசல்ல பெரிய அண்டாவுல கஞ்சி காய்ச்சி அஸர் தொழுகைக்குப் பொறவு ஊத்துவாங்க, தூக்குச்சட்டியோட யாரு போய் நின்னாலும் கிடைக்கும். அதுல சில நாளு கறி போடுவாங்க. அதனால எங்க உம்மா அவளுக்குன்னே வீட்டுல தனியா காய்ச்சுவாங்க. பச்சரிசி நொய், கொஞ்சம் பாசிப்பருப்பு, நிறைய பூண்டு, ஒரு கரண்டி வெந்தயம், பல்லாரி வெங்காயம், தக்காளி, மல்லி, புதினா. கடேசியா தேங்காப் பால ஊத்தி ஒரு கொதி வர்றதுக்குள்ள இறக்கிருவாங்க. வெந்தயந்தான் அதுக்கு உயிரு, நாளெல்லாம் காஞ்ச வயித்துக்கு இதம்.

உம்மா மௌத்தான பொறவு வந்த முதல் நோன்புல நான் கஞ்சி காய்ச்சவே இல்ல, மனசு வரல. மூணாவது நாளு அவ ஒரு போணியோட வந்தா. “உங்க உம்மா செஞ்ச மாதிரியே வந்திருக்கான்னு பாரு”ன்னா. வெந்தயம் கொஞ்சம் கூட. எங்க உம்மாவும் அப்படித்தான் கூடப் போடுவாங்க. அன்னைக்கு நோன்பு திறந்தது அவ கஞ்சியில. இப்ப ஒவ்வொரு வருசமும் அந்த மாசத்துல ஒரு நாளு அவ முறை.

ஓஎம்ஆர் நெல்லைக்காரி:

எல்லாம் சரிதான், ஆனா ஒண்ணு சொல்லாம இருக்க முடியல. அந்த வட்டத்துல உக்காந்தது யாரு? பொம்பளைங்க மட்டும். எங்க அம்மா பொங்கலுக்கு முந்தின ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் கிழங்கு உரிச்சிருக்கா, விடியக்காலம் நாலு மணிக்கு எந்திச்சுப் பொங்கலும் விட்டிருக்கா. அவளுக்கு அது பேச்சா இருந்துதான்னு எனக்குத் தெரியாது, அசதியா இருந்தது எனக்குத் தெரியும். நானும் என் வீட்டுக்காரரும் ராத்திரி எட்டு மணிக்குத்தான் வீடு வந்து சேர்றோம். எனக்கு வெட்டின காய் வாங்குறதுல எந்த வருத்தமும் இல்ல.

வளவுக்காரி:

நீ சொல்லுதது நெசம் தாயி, நான் அத மறுக்கல. வெட்டின காய் வாங்குததும் தப்பு கிடையாது. ஆனா ஒரு விஷயம் யோசிச்சுப் பாரு. அசதி வந்தது கூடி உக்காந்ததால இல்ல, பாதிப் பேரு உக்காராததால. எங்க வளவுல ரெண்டாம் வீட்டுத் தாத்தா ஒருத்தரு இருந்தாவ, ரிட்டையர்டு வாத்தியாரு. சாக்குத் தேய்க்குற வேல அவுக பங்கு. “இது ஆம்பள வேலதான், கைவலு வேணும்”னு சொல்லி வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு வந்துருவாவ. அவுகளப் பாத்து மத்த வீட்டு ஆம்பளையளும் தேங்கா துருவ, உள்ளி உரிக்கன்னு வந்தாங்க. அப்படி வந்த வருசங்கள்ல ஒன்பது மணிக்கெல்லாம் எல்லாரும் படுத்துட்டோம். எனக்கு வேணும்ங்கறது அந்த மாதிரி வட்டம்.

ஓஎம்ஆர் நெல்லைக்காரி:

அந்தத் தாத்தா மாதிரி ஆளு இருந்தா நானும் ரெண்டு கிலோ வாங்குதேன் அக்கா.

பாளை அண்ணாச்சி:

ஆம்பளைங்கன்னு பேச்சு வந்துட்டதால நான் எழுதுறேன். பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்துல காலையில நடக்கப் போற சிநேகிதங்க நாங்க ஆறு பேரு, எல்லாரும் வேலையில இருந்து ஓய்வு பெத்தவங்க. நடந்து முடிச்சு பெஞ்சுல உக்காந்து சுகர், பி.பி. கணக்கப் பேசிட்டு வீட்டுக்குப் போவோம். ஒரு நாள் ஒருத்தர், அவருக்கு வீட்டம்மா தவறி ஒரு வருசம் ஆச்சு, சொதி சாப்பிடணும் போல இருக்குய்யான்னாரு. ஓட்டல் சொதி வேண்டாம்னுட்டாரு. மறுவீட்டுப் பந்தியில போடுவாங்களே அந்தச் சொதி.

மத்தவங்களுக்குத் தெரியாட்டிச் சொல்றேன். நம்ம பக்கத்துல சைவ வேளாளர் வீட்டுக் கல்யாணத்துல மறுவீட்டு விருந்துக்குச் சொதிதான். இப்ப எல்லா வீட்டுலயும் செய்யறாங்க. அடுத்த ஞாயித்துக்கிழம எங்க வீட்டு அடுக்களையில ஆறு பேரும் கூடிட்டோம். என் வீட்டுக்காரி நாற்காலியப் போட்டு வாசப்படியில உக்காந்துக்கிட்டா. கைய வைக்க மாட்டேன், வாயால மட்டும் சொல்லுவேன்னுட்டா.

துருவின தேங்காய அரைச்சு முதல் பால் தனியா, ரெண்டாம் பால், மூணாம் பால் தனித்தனியா. மூணாம் பால்ல உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், பட்டாணி, முருங்கைக்கா, முழுசா உரிச்ச சின்ன உள்ளி. வெந்ததும் ரெண்டாம் பாலும் குழைய வேக வச்ச பாசிப்பருப்பும். பச்சமிளகாயும் இஞ்சியும் அரைச்சு விடணும், மிளகாப்பொடி கிட்டயே வரக்கூடாது, நெறம் வெள்ளையா இருக்கணும். முதல் பால் ஊத்துற நேரந்தான் முக்கியம். தீயக் குறைச்சு, ஊத்தி, ஓரத்துல நுரை கூடி வரும்போதே இறக்கணும். கொதிச்சா திரிஞ்சு எண்ணெய் பிரிஞ்சிரும். எலுமிச்சம்பழம் அடுப்ப விட்டு இறக்கி, சூடு கொஞ்சம் அடங்கின பொறவு பிழியணும். இத என் வீட்டுக்காரி எங்க கிட்ட திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டே இருந்தா. தொட்டுக்க இஞ்சிப் பச்சடி கண்டிப்பா வேணும். அவ்வளவு தேங்காப் பாலுக்கும் அதுதான் செரிமானம்.

எல போட்டு உக்காந்தோம். கேட்ட மனுசன் முதல் வாய் வச்சதும் பேசல. ரெண்டாம் தடவ சோறு வாங்கினாரு, மூணாம் தடவையும் வாங்கினாரு. போகும்போது என் வீட்டுக்காரிகிட்ட, “மதினி, அடுத்து உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் சொல்லிக் கொடுங்க, எங்க வீட்டுல வச்சுச் செய்வோம்”னாரு. அந்த வீட்டு அடுக்களையில ஒரு வருசமா காப்பி மட்டும்தான் போட்டிருக்காரு. அதுக்கப்பறம் மாசத்துல ஒரு ஞாயிறு யாராவது ஒருத்தர் வீடு. உளுந்தஞ்சோறு அவரு வீட்டுலதான் செஞ்சோம், தொலி உளுந்த அவரே வாசம் வர வறுத்தாரு.

மச்சிவீடு:

அண்ணாச்சி, ஆறு பேருக்கு எத்தன தேங்கா? நாங்க பத்து பேரு வரும்.

பாளை அண்ணாச்சி:

பெரிய தேங்கா ரெண்டு உடைச்சோம். பத்து பேருக்கு மூணு வச்சுக்கம்மா. பாசிப்பருப்பு ஒரு ஆழாக்கு போதும். இஞ்சிப் பச்சடி முந்தின நாளே செஞ்சு வச்சிரு.