டைன்ஹாம் கிராமமும் எங்கள் குப்பமும்: சுவர்கூட மிஞ்சாத ஊரின் வரலாற்றை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி (திருவொற்றியூர்)

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் தென்கரையில், டார்செட் பகுதியில் உள்ள டைன்ஹாம் என்னும் சிற்றூரைப் பற்றி அண்மையில் படித்தேன். இரண்டாம் உலகப் போரின்போது படைப்பயிற்சிக்கு நிலம் தேவை என்று 1943 நவம்பரில் அவ்வூராருக்குக் கடிதம் வந்தது. டிசம்பர் 19-க்குள் இருநூற்றுக்கும் மேற்பட்டோர் ஊரைக் காலிசெய்ய வேண்டியதாயிற்று. ஒருநாள் திரும்பி வருவோம், அதுவரை எங்கள் வீடுகளையும் தேவாலயத்தையும் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று படையினரைக் கேட்டு, தேவாலயக் கதவில் ஒரு குறிப்பை வைத்துவிட்டுப் போனார்கள். 1948-இல் அரசு அந்நிலத்தைக் கட்டாயமாக வாங்கிக்கொண்டது. அவர்கள் குடிதிரும்பவே இல்லை. ஆனாலும் எந்த வீட்டில் யார் வாழ்ந்தார் என்பதை இன்றும் அங்கே போய் அறிய முடிகிறது.

எங்கள் குப்பத்தின் பழைய தெருக்களைக் கடல் கொண்டுபோய்விட்டது. தெற்கிலிருந்து கரையோரமாக வரும் மணலைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர் மறித்ததால் மெரினா அகன்றதும், ராயபுரத்திலிருந்து வடக்கே கரை அரிக்கப்பட்டதும் எல்லோரும் அறிந்ததே. பழைய ஊரை நினைவில் வைத்திருப்பவர்கள் ஒவ்வொருவராக மறைந்துவருகிறார்கள். டைன்ஹாமைப் போல எங்கள் ஊரையும் எழுதிவைக்க வேண்டும் என்பது என் விருப்பம். அவர்களுக்கு இடிந்த வீடுகளாவது இருந்தன. ஒன்றுமே மிஞ்சாத நாங்கள் எதைப் பிடித்துக்கொண்டு தொடங்குவது?

மறுமொழி 1 (ராயபுரம், ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்)

தம்பி, டைன்ஹாமில் இடிந்த சுவர்கள்தாம் நினைவைக் காப்பாற்றின என்று நினைத்துவிட வேண்டாம். பீரங்கிப் பயிற்சி நடந்த பள்ளத்தாக்கு அது; வீடுகள் கூரையிழந்தன, ஊரின் நிலவுடைமையாளர்களான பாண்டு (Bond) குடும்பத்தாரின் பழைய மாளிகையும் பின்னாளில் பெரும்பாலும் இடிக்கப்பட்டது. 1975-இல்தான் வார இறுதிகளில் மக்களை முறையாக உள்ளே விடத் தொடங்கினார்கள். அதன் பிறகு யாரோ சிலர் அக்கறையோடு தேடித் தொகுத்ததால்தான் கூரையற்ற வீடுகளில் அங்கு வாழ்ந்த குடும்பங்களைப் பற்றிய பலகைகள் நிற்கின்றன. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மேலங்கி மாட்டிய கொக்கிகளில் அவரவர் பெயர் எழுதியிருக்கிறது. எனக்கு அந்த ஊரில் மிகவும் பிடித்தது அந்தக் கொக்கிகள்தாம்.

அந்தப் பள்ளி, பிள்ளைகள் குறைந்ததால் 1932-லேயே மூடப்பட்டுவிட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். படை வருவதற்கு முன்பே ஊர் மெலிந்துகொண்டிருந்தது. அதுபோல உங்கள் குப்பத்திலும் கடல் வருவதற்கு முன்பே வெளியேறியவர்கள் இருந்தால் அவர்களையும் காரணத்தோடு எழுதுங்கள். இழந்த ஊரைக் குறையே இல்லாத ஊராக எழுதினால் அது வரலாறாக இராது.

இன்னொன்று உங்களுக்கு நெருக்கமாக இருக்கும். டைன்ஹாமை ஒட்டிய வொர்பாரோ விரிகுடாவில் மீனவக் குடும்பங்கள் இருந்தன. நம் காணாங்கெளுத்திக்கு உறவான மீனைப் பிடித்தே அவர்கள் பிழைத்தார்கள். நிலமெல்லாம் பாண்டு குடும்பத்துக்குச் சொந்தம் என்பதால் ஊராரில் பெரும்பாலோர் வாடகைக் குடிகள், ஆகவே அவர்களுக்குக் கிடைத்த இழப்பீடும் சொற்பமே. பட்டா இல்லாத குப்பத்தாருக்கு இது விளக்கம் தேவைப்படாத செய்தி.

மறுமொழி 2 (மண்ணடி)

படைக்காக ஊர் காலியான கதை நம் பகுதியிலேயே உண்டு. புனித ஜார்ஜ் கோட்டையை ஒட்டி வடக்கே இந்தியர்கள் வாழ்ந்த பழைய கறுப்பர் நகரம், 1758-59 பிரெஞ்சு முற்றுகையை ஒட்டிய ஆண்டுகளில், பீரங்கிக் குறிக்குக் குறுக்கே வீடுகள் இருக்கக் கூடாது என்பதற்காக இடித்து வெளியாக்கப்பட்டது. இனி இதற்குள் கட்டக் கூடாது என்று நட்ட எல்லைத் தூண்களில் ஒன்று பாரிமுனையில் இன்றும் நிற்கிறது. அன்றைய ஊர் இருந்த இடத்தில் உயர் நீதிமன்றம் இருக்கிறது. அங்கிருந்த சென்னகேசவப் பெருமாள் கோயில் பின்னர் பூக்கடைப் பகுதியில் எழுப்பப்பட்டதும், அதற்கு மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் துணைநின்றதும் பதிவாகியுள்ளன. அவரைப் போல ஆங்கிலேயருக்கு மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்த துபாஷிகளின் பெயர்கள் இப்படி நின்றுவிட்டன. வீடிழந்த நெசவாளர், வண்ணார், கூலியாட்களின் பெயர்களை வீடுவாரியாகச் சொல்ல யாரும் இல்லை. நீங்கள் தாமதிக்கக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

மறுமொழி 3 (காசிமேடு)

தம்பி, ஆண்டைக் கேட்டால் எங்கள் பெரியவர்களுக்குச் சொல்ல வராது. எந்தப் புயலுக்கு முன்பு, எந்தத் திருவிழாவுக்குப் பிறகு, சுனாமிக்கு முன்பா பின்பா என்று கேளுங்கள். முதலில் ஒரு பெரிய தாளை விரித்து அம்மன் கோயிலைக் குறியுங்கள். அதிலிருந்து எந்தக் கட்டுமரம் எந்த இடத்தில் ஏற்றிவைக்கப்பட்டது, கரைவலை இழுக்கும் முறையான பாடு யாருக்குப் பின் யாருக்கு என்று ஆண்களைக் கேட்டால் கரை முழுவதும் வந்துவிடும். தெருவுக்குள் உள்ளதைக் கூடை சுமந்து மீன் விற்ற பெண்களிடம் கேட்க வேண்டும். எந்த வாசலில் யார் இருந்தார், யாருக்கு யார் கடன்பட்டார் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். இரு தரப்பையும் தனித்தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள், இல்லாவிட்டால் பெண்கள் பேச மாட்டார்கள். இருவர் இரு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள்.

காகிதமே இல்லை என்றும் எண்ண வேண்டாம். பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, பழைய குடும்ப அட்டை, ஊர்ப் பஞ்சாயத்து வரிக்கணக்கு நோட்டு, கிறித்தவக் குடும்பங்களானால் தேவாலயத்தின் திருமுழுக்குப் பதிவு ஆகியவற்றில் பெயரோடு முகவரியும் கிடைக்க வாய்ப்புண்டு.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி ஐயா, நன்றி அண்ணா. பெண்களிடமிருந்தே தொடங்குகிறேன். சுனாமிக்கு முந்தைய திருவொற்றியூர்க் கரையின் திருமண, திருவிழாப் புகைப்படங்கள் யாரிடமாவது இருந்தால், பின்னணியில் தெரியும் வீடுகளுக்காக அவற்றின் படியைத் தந்து உதவுங்கள்.