உடற்கொழுப்பை அளக்க எதை நம்புவது?

தராசுமுள்:
வீட்டு மின்தராசில் ஏறி "கொழுப்பு 24.3%" என்று புள்ளிக்குப் பின்னால் ஓர் எண்ணோடு மகிழ்கிறவர்களே, அது கொழுப்பை அளக்கவே இல்லை. ஒரு பாதத்தில் நுழையும் மெல்லிய மின்னோட்டம் கால் வழியே ஏறி, இடுப்போடு திரும்பி மறு பாதத்தில் இறங்கிவிடுகிறது. மேலுடம்பு பெரும்பாலும் அதன் வழியிலேயே இல்லை. மின்தடையைக் கொண்டு உடல்நீரை ஊகித்து, கொழுப்பற்ற உடலில் நீர் சுமார் 73% என்று வைத்துக்கொண்டு, மிச்சத்தைக் கொழுப்பு என்கிறது. டெக்ஸா என்ற எக்ஸ் கதிர் ஸ்கேன் எடுங்கள், பேச்சு முடிந்தது.

ஏரிக்கரை:
முடியவில்லை ஐயா. டெக்ஸா இரண்டு ஆற்றல் அளவுகளில் எக்ஸ் கதிர் அனுப்புகிறது. இரண்டைக் கொண்டு இரண்டு பொருள்களைத்தான் பிரிக்கலாம். எலும்பு உள்ள இடத்தில் எலும்பும் மென்திசுவும் பிரியும். அந்த மென்திசுவில் கொழுப்பு எவ்வளவு என்பதை மென்பொருள் அக்கம்பக்கத்தைப் பார்த்து இட்டு நிரப்புகிறது. கருவி செய்த நிறுவனத்துக்கு நிறுவனம் எண்ணும் மாறும். நான் காலையில் எழுந்ததும், தண்ணீர் குடிக்கும் முன், தராசில் ஏறுகிறேன். எண் தவறாகவே இருக்கட்டும். தவறு ஒரே அளவாக இருந்தால் ஏறுமுகமா இறங்குமுகமா என்று தெரிந்துவிடாதா?

தராசுமுள்:
ஒரே அளவாக இருக்கும் என்று யார் சொன்னது? சோற்றைக் குறைத்த முதல் வாரத்தில் உடல் சேமித்து வைத்த மாவுச்சத்தான கிளைக்கோஜனும் அதோடு ஒட்டிய நீரும் போகும். நீர் குறைந்தால் மின்தடை கூடும். மெலிகிற ஆளுக்குக் கொழுப்பு கூடியதாகக் காட்டும் தராசை வைத்து என்ன ஏறுமுகம்?

பழைய வாத்தியார்:
இருவரும் சற்றுப் பொறுங்கள். டெக்ஸாவுக்கு முன் உரைகல்லாக இருந்தது நீரில் மூழ்கி எடை பார்த்து, உடல் அடர்த்தியைக் கணக்கிடுவது. சிரி என்ற ஆய்வாளரின் சூத்திரப்படி 495ஐ உடல் அடர்த்தியால் வகுத்து 450ஐக் கழிக்க வேண்டும். அடர்த்தி 1.05 என்றால் கொழுப்பு 21.4%. கொழுப்பின் அடர்த்தி 0.9, மற்றதெல்லாம் 1.1 என்ற அனுமானம் இதன் அடியில் கிடக்கிறது. எலும்பு தேய்ந்த முதியவருக்கு அந்த 1.1 என்பது 1.09 ஆகிவிட்டால், கொழுப்பு வெறும் 18%. மூச்சை முழுக்க விட்ட பிறகும் நுரையீரலில் தங்கும் காற்றில் 100 மில்லி பிசகினால் 70 கிலோ ஆளுக்கு இன்னும் முக்கால் புள்ளி நகரும். அடர்த்தி, நீர், எலும்புத் தாது, எடை நான்கையும் தனித்தனியே அளந்து சேர்ப்பதுதான் ஆய்வாளர்கள் நம்புவது. அது நமக்கு எட்டாது.

வேப்பங்காற்று:
யாருடைய உடம்பை வைத்துச் சூத்திரம் எழுதினார்கள் என்பதை விட்டுவிட்டீர்களே. தோல்மடிப்பை இடுக்கியால் அளந்து கொழுப்பைக் கணிக்க இன்றும் பயன்படும் டர்னின், வோமர்ஸ்லி சூத்திரம் 1974இல் 481 பேரை அளந்து எழுதப்பட்டது. அது எல்லா உடம்புக்கும் பொருந்துமா? 2004இல் லான்செட் மருத்துவ இதழில் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நின்ற படம் வந்தது. உயரத்துக்கேற்ற எடையைச் சொல்லும் பி.எம்.ஐ. இருவருக்கும் 22.3. கொழுப்போ யட்கினுக்கு 9.1%, யாஜ்னிக்குக்கு 21.2%. உங்கள் தராசுக்குள் இருப்பது யாருக்கான சூத்திரம் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறதா?

ஏரிக்கரை:
இல்லை. அப்படியானால் தையல் நாடா போதும். தெற்காசிய ஆணுக்கு இடுப்பு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 என்று எல்லை சொல்லியிருக்கிறார்கள். சதவீதமே வேண்டாம்.

தராசுமுள்:
நாடாவை எங்கே வைப்பீர்கள், தொப்புளிலா? கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் என்கிறது உலக சுகாதார அமைப்பு. முதலில் அந்த எலும்பைத் தடவிக் கண்டுபிடியுங்கள்.