நாமெல்லாம் அடி வாங்கித்தானே வளர்ந்தோம், மனநோயா வந்துவிட்டது?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
ஞாயிறு இணைப்பில் ஒரு மனநல மருத்துவர், வீட்டிலோ பள்ளியிலோ அடி வாங்கும் பிள்ளைக்குப் பின்னாளில் மனச்சோர்வு வரும் என்று எழுதியிருக்கிறார். முருங்கையை ஒடித்து வளர்க்கணும், பிள்ளையை அடித்து வளர்க்கணும் என்று சும்மாவா சொன்னார்கள்? என்னிடம் பிரம்படி பட்டவன் தாசில்தாராக இருக்கிறான். பார்த்தால் இன்றும் காலைத் தொட்டுக் கும்பிடுகிறான். கல்வி உரிமைச் சட்டம் வந்த பிறகு ஆசிரியனுக்குக் கையும் இல்லை, வாயும் இல்லை.

கயல்:
வணக்கம் சார். தாசில்தார் ஆனவர் உங்களைத் தேடி வருவார். பிரம்புக்குப் பயந்து எட்டாம் வகுப்போடு நின்றவன் எதற்கு வரப்போகிறான்? வந்தவர்களை மட்டும் எண்ணிக் கணக்குப் பார்க்கிறீர்கள்.

பிரம்பைத் தமிழ்நாடு 2003லேயே கல்வி விதிகளிலிருந்து எடுத்துவிட்டது. நீங்கள் சொல்லும் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, அடியோடு சேர்த்து மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்தது. அப்புறம் ஆய்வு. 1998இல் அமெரிக்காவில் ஃபெலிட்டி, ஆண்டா குழுவினர் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் பால்ய அனுபவங்களைக் கேட்டார்கள். அடி, வசை, பாலியல் அத்துமீறல், அம்மா அடிபடுவதைப் பார்த்தது, வீட்டில் குடி என்பவை உட்பட ஏழு வகை. நான்கோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்கு, எதுவுமே அனுபவிக்காதவர்களைவிடக் குடிநோய், போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து 4 முதல் 12 மடங்கு.

புள்ளிராஜா:
நான் பிரம்புக் கட்சி இல்லை. ஆனாலும் கயல், இந்த 12 மடங்கை எல்லாரும் மந்திரம்போல ஓதுவது எரிச்சலாக இருக்கிறது. அது பெரியவர்களைக் கூப்பிட்டுப் பழசை நினைவுபடுத்தச் சொன்ன ஆய்வு. மனச்சோர்வில் இருப்பவருக்குப் பால்யமும் இருட்டாகத்தான் தெரியும்.

2020இல் டனீஸ், விடம் இருவரும் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். 1967-71இல் அமெரிக்க நீதிமன்றங்களில் கொடுமைக்கு ஆளானதாகப் பதிவான குழந்தைகளையும், அப்படிப் பதிவாகாதவர்களையும் சேர்த்துச் சுமார் 1,200 பேரைப் பெரியவர்களாகும்வரை தொடர்ந்தார்கள். நீதிமன்றப் பதிவு இருந்தும் தானாக அதைச் சொல்லாதவர்களிடம் மனநோய் ஆபத்து பெரிதாகக் கூடவில்லை. பதிவே இல்லாமல் ‘நான் கொடுமைப்பட்டேன்’ என்று சொன்னவர்களிடம் கூடியிருந்தது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
அப்படிப் போடுங்க தம்பி! எல்லாம் நினைப்புத்தான்.

கயல்:
சார், அவசரப்படாதீர்கள். அந்த ஆய்வு கொடுமையை லேசாக்கவில்லை. நடந்ததைப் பிள்ளை எப்படி உள்வாங்கியது, எதைச் சுமந்துகொண்டு வளர்ந்தது என்பதுதான் நோயை முடிவு செய்கிறது என்கிறது. எனக்கு இது நல்ல செய்தியாகவே படுகிறது. நீதிமன்றப் பதிவை யாராலும் மாற்ற முடியாது. ‘என் மேல்தான் தப்பு, அதனால்தான் அப்பா அப்படிச் செய்தார்’ என்ற எண்ணத்தை மாற்ற முடியும். பேச்சு வழிச் சிகிச்சை செய்வது பெரும்பாலும் அதைத்தான்.

அதெல்லாம் இருக்கட்டும். மனைவியை அடிப்பது தப்பு என்று சொல்ல நாம் யாரிடமாவது ஆய்வு கேட்கிறோமா? பிள்ளை விஷயத்தில் மட்டும் நோய்ச் சான்றிதழ் எதற்கு?

புள்ளிராஜா:
கடைசிக் கேள்வி நியாயம். அதை அறமாகவே சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். பயமுறுத்தும் எண்ணாகச் சொல்லாதீர்கள். இந்த எண்களைப் படித்துவிட்டு ‘என் வாழ்க்கை முடிந்தது’ என்று உட்கார்ந்துவிடுகிற இளைஞர்களும் உண்டு.

வார்டு நர்ஸ்:
நீங்கள் பெரியவர்களின் நினைவைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் பார்ப்பது சின்னப் பிள்ளைகளை. ‘வயிறு வலிக்குது’ என்று மறுபடி மறுபடி வரும். ஸ்கேனில் ஒன்றும் இருக்காது. படுக்கையை நனைப்பதை நிறுத்தியிருந்த பிள்ளை மறுபடி நனைக்கும். யாராவது கையைத் தூக்கினால் தலை தானாகக் குனியும். வீட்டில் இதற்கு வைத்திருக்கும் பெயர் அடம், திமிர், நடிப்பு. அதற்கும் சேர்த்து இன்னொரு அடி. எல்லா வயிற்றுவலிக்கும் பின்னால் கொடுமை இருக்கிறது என்று சொல்லவில்லை. பிள்ளையைத் தனியாக விட்டு ஒரு தடவை கேளுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

பாலியல் விஷயம் என்றால் போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்த யாராக இருந்தாலும் புகார் சொல்லியே ஆகவேண்டும். ‘குடும்ப மானம்’ சட்டத்தில் விதிவிலக்கு இல்லை. குழந்தைகள் உதவி எண் 1098க்கு யார் வேண்டுமானாலும் அழைக்கலாம், பிள்ளையே கூட.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
நர்ஸம்மா சொல்வதை மறுக்கவில்லை. அது கொடுமை. நான் சொல்வது கண்டிப்பு.

கயல்:
கொடுமைக்கும் கண்டிப்புக்கும் நடுவே கோடு போடுவது அடிப்பவர்தானே, சார்? 2007இல் மத்திய அரசு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் ஆய்வு நடத்தியது. மூன்றில் இரண்டு பேர் உடல்ரீதியான கொடுமைக்கு ஆளானவர்கள். வீட்டுக்குள் அடிபட்டவர்களில் பெரும்பாலோரை அடித்தது அவர்களைப் பெற்றவர்களே. கேட்டிருந்தால் எல்லாருமே ‘கண்டிப்பு’ என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
சரி, பிரம்பை வாங்கிக்கொண்டீர்கள். பதிலுக்கு என் கையில் என்ன கொடுத்தீர்கள்? அறுபது பையன்கள் இருக்கிற வகுப்பு, அதில் பெஞ்சைத் தூக்கி அடிக்கிற ஒருவன். ஆலோசகர் என்று ஒருவர் நான் இருந்தவரை எங்கள் பள்ளிப் படியை மிதித்ததில்லை. சுற்றறிக்கை மட்டும் வந்தது.

வார்டு நர்ஸ்:
சார், அந்தப் பெஞ்சைத் தூக்கிய பையன் வீட்டில் என்ன நடந்தது என்று யாராவது போய்ப் பார்த்தீர்களா?